புரைதாவில் நர்ஸ் வேலை: சித்தி சொன்ன சவுதி இன்னும் இருக்கிறதா?

தென்காசிப்பொண்ணு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஐந்து வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டில் இருக்கிறேன். சவுதி சுகாதாரத் துறை வேலைக்குத் தேர்வாகிவிட்டேன். போட்டிருக்கும் ஊர் புரைதா. ரியாத்திலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் என்கிறார்கள்.

பிரச்சினை வீட்டில்தான். என் சித்தி 1998லிருந்து ஐந்து வருடம் சவுதியில் நர்ஸாக இருந்தவர். "கடைக்குப் போக வார்டன் கையெழுத்து வேணும், தனியா டாக்சியில ஏறினா பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று தினமும் ஒரு கதை. அந்தப் பக்கம் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ரியாத்தில் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள், கச்சேரிக்குப் போகிறார்கள். "ரெண்டுல ஒண்ணு பொய்" என்று அப்பா முடித்துவிட்டார்.

எந்தச் சட்டம் எப்போது மாறியது என்பதெல்லாம் நானே தேடிப் படித்துவிட்டேன். அங்கே இருந்தவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் நன்றாக இருக்கும். அப்பாவிடம் காட்டத்தான் கேட்கிறேன்.

ஜித்தா_டிரைவர்:

நான் 2009லிருந்து பத்து வருடம் ஜித்தாவில் ஒரு வீட்டில் ஹவுஸ் டிரைவர். மேடம் கல்லூரியில் பாடம் எடுப்பவர். அந்நிய ஆணோடு ஒரு பெண் தனியாக இருக்கக் கூடாது என்பார்கள், ஆனால் தினமும் காலை ஏழரைக்கு அந்நிய ஆணான என்னோடு தனியாகக் காரில்தான் அந்தம்மா வேலைக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கு எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

2018 ஜூன் 24ஆம் தேதி பெண்கள் வண்டி ஓட்டலாம் என்றானது. நள்ளிரவு தாண்டியதும் தெருவில் ஒரே ஹாரன் சத்தம். மேடத்துக்கு லைசென்ஸ் வர நவம்பர் ஆகிவிட்டது, பயிற்சிப் பள்ளியில் அவ்வளவு கூட்டம். முதல் நாள் அவர் ஓட்ட, என்னைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார். ஒன்பது வருடமாக அவர் உட்கார்ந்த இடம். ஏசி காற்று அங்கே வரவே வராது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பாவம்.

நாலு மாதத்தில் எனக்கு எக்ஸிட் (வேலை முடிந்து நாட்டைவிட்டுப் போகும் விசா) அடித்து அனுப்பிவிட்டார்கள். வேலை போனதில் வருத்தம்தான், அந்தம்மா மேல் கோபம் இல்லை.

மார்த்தாண்டம்_சிஸ்டர்:

தங்கச்சி, உன் சித்தியும் பொய் சொல்லவில்லை, இன்ஸ்டாகிராமும் பொய் சொல்லவில்லை. நான் 2006ல் போனேன், 2022 கடைசியில் திரும்பினேன். முதல் எட்டு வருடம் நீ போகப்போகிற அதே புரைதா, அதே பிரசவ வார்டு வேலை. அப்புறம் ரியாத். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அப்பாவுக்குப் பொறுமை இருந்தால் படிக்கட்டும்.

புரைதா பேரீச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர், கட்டுப்பாட்டுக்கும் அப்படித்தான். 1960களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு அரசு பள்ளி திறக்கப்போகிறது என்றதும், எங்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்று இந்த ஊர் ஆண்கள் கூட்டமாக ரியாத்துக்குப் போய் முறையிட்டிருக்கிறார்கள். அரசு அசையவில்லை. பள்ளி திறந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆரம்ப காலத்தில் அங்கே படித்த பெண்கள் பாட்டிகளாகியிருந்தார்கள். பேத்தியின் பிரசவத்துக்கு வந்த ஒரு பாட்டி, நான் ஏற்றிய மருந்தின் சீட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கையை விட்டார்.

எங்கள் ஹாஸ்டலில் வாரம் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் பஸ். நாலு மணிக்கு ஏற்றி ஏழு மணிக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். போன முதல் மாதம் நானும் இரண்டு மலையாளப் பிள்ளைகளும் கடைத்தெருவில் நடக்கிறோம், பின்னால் ஒருவர் "கத்தீ! கத்தீ!" என்று கத்திக்கொண்டு வருகிறார். கையில் வேறு ஏதோ நீளமாக இருந்தது. கத்தியோடு துரத்துகிறான் என்று நான் எடுத்த ஓட்டம் இருக்கிறதே! கடைக்குள் புகுந்த பிறகுதான் சொன்னார்கள், அவர் முத்தவ்வா, அதாவது மதப் போலீஸ், கையிலிருந்தது பிரம்பு, அரபியில் "கத்தீ" என்றால் "மூடு" என்று அர்த்தம். முகம் தெரிகிறதாம். உன் சித்தி பார்த்தது இந்தச் சவுதியைத்தான். 2016 ஏப்ரலில் முத்தவ்வாக்களுக்கு யாரையும் பிடிக்கவோ துரத்தவோ அதிகாரம் இல்லை என்று உத்தரவு போட்டார்கள். அதற்குப் பிறகு ஆளையே காணோம்.

இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்: அப்போது பெண்களின் உள்ளாடைக் கடையில் விற்பவர் அத்தனை பேரும் ஆண்கள். ஊரெல்லாம் பெண்ணை மூடச் சொல்லிவிட்டு, அளவு மட்டும் ஒரு அந்நிய ஆணிடம் சொல்ல வேண்டும். போட்டுப் பார்க்கவும் இடம் கிடையாது. நான் ஊரிலிருந்து வரும்போதே இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வாங்கிவந்துவிடுவேன். ஜித்தாவில் ரீம் அஸத் என்ற கல்லூரி ஆசிரியைதான் இதைக் கையில் எடுத்தார். பெண்கள் விற்கும்வரை வாங்கமாட்டோம் என்று வருடக்கணக்கில் பிரச்சாரம். 2011ல் மன்னர் அப்துல்லா உத்தரவு போட்டு, 2012 ஜனவரியில் கடைகளில் பெண்கள் வந்தார்கள். எனக்கு அளவெடுத்த பெண் முகம் மூடியிருந்தாள், கண் மட்டும் தெரியும். அந்த நாடா அவள் கையில் நடுங்கியது. அவளுக்கு அது வாழ்க்கையில் முதல் வேலை, ஒரு வாரம்தான் ஆகிறது என்றாள். கார் ஓட்டியதைத்தான் உலகம் பெரிதாகப் பேசுகிறது, என்னைக் கேட்டால் இந்தக் கடைகளும் அதற்குப் பிறகு வந்த சூப்பர்மார்க்கெட் பில் கவுண்டர்களும்தான் கதவைத் திறந்தன. சம்பளம் கைக்கு வந்த பெண் வீட்டுக்குள் பேசுகிற குரலே வேறு.

இப்போது வார்டுக்கு வருகிறேன், உனக்கு இதுதான் முக்கியம்.

2008ல் ஒரு ராத்திரி. இரண்டாவது பிரசவம், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போகிறது, உடனே சிசேரியன் செய்ய வேண்டும். அந்தப் பெண் பள்ளி ஆசிரியை, முப்பது வயது இருக்கும். புருஷன் தபூக்கில் வேலை, போன் எடுக்கவில்லை. ஒப்புதல் படிவத்தை அவளே வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். டாக்டர் எகிப்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. "வலீ கையெழுத்து வேண்டும்", அதாவது பெண்ணுக்குப் பொறுப்பான ஆணின் கையெழுத்து, என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள், அது இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்கிறார். மானிட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இருபது நிமிடம் கழித்து அவளுடைய தம்பி வந்தான், மீசைகூட ஒழுங்காக முளைக்காத பையன். படிவத்தைப் பார்த்து எங்கே போடுவது என்று முழித்தான். கட்டிலில் வலியோடு படுத்திருந்தவள் கையை நீட்டி "இங்கே, கோட்டுக்கு மேலே" என்று காட்டினாள். அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததே அவள்தான் என்று மறுநாள் சொன்னாள். குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆண் குழந்தை.

இதில் கொடுமை என்னவென்றால், வயது வந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் அந்த நாட்டுச் சுகாதாரத் துறை விதியே சொன்னது. பல மருத்துவமனைகளில் அதை யாரும் மதிக்கவில்லை, ஏதாவது ஆனால் புருஷன் வந்து சண்டை போடுவான் என்ற பயம்தான். ரியாத்துக்கு மாறிய பிறகு 2016 வாக்கில் பார்த்தால், அதே படிவத்தைப் பெண்ணின் கையில் கொடுக்கிறார்கள். அவளே கையெழுத்துப் போட்டுத் தள்ளுகிறாள். எந்த அறிவிப்பும் வந்ததாக எனக்கு நினைவில்லை. நீ போனதும் உன் வார்டில் எப்படி நடக்கிறது என்று முதல் வாரமே பார்த்துவைத்துக்கொள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரியாத்தில் எங்கள் வார்டு கிளார்க் ஒரு சவுதிப் பெண், விவாகரத்தானவர், நாற்பத்தைந்து வயது. அப்பா இல்லை. அதனால் அவர் வெளிநாடு போவதென்றால் அவருடைய மகன், 22 வயதுப் பையன், அப்ஷர் என்ற அரசு செயலியில் அனுமதி கொடுக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் 21 வயது தாண்டிய பெண்கள் தாங்களே பாஸ்போர்ட் எடுக்கலாம், யார் அனுமதியும் இல்லாமல் பயணம் போகலாம் என்று சட்டம் வந்தது. குழந்தை பிறந்ததைப் பதிவு செய்யவும், தன்னையே குடும்பத் தலைவியாகப் பதியவும்கூட அதிலேயே வழி செய்தார்கள். இரண்டு மாதத்தில் பச்சை பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து எங்கள் மேஜை மேல் வைத்தார், கூடவே ஒரு டப்பா மஅமூல், பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட். மகன் கோபித்துக்கொண்டானாம், "நான் எப்போதாவது முடியாது என்று சொன்னேனா?" என்று. "நீ சொன்னதில்லை. ஆனால் சொல்லியிருக்கலாம்" என்றாராம் இவர். நாலு நாள் துபாய் போய்விட்டு வந்து, ரியாத்தில் கிடைக்கிற அதே அத்தரை எங்களுக்கு வாங்கிவந்தார்.

ஏன் இதெல்லாம் திடீரென்று என்று அப்பா கேட்கலாம். திடீரென்று இல்லை. 2014ல் எண்ணெய் விலை விழுந்தது. அரசு மானியத்தைக் குறைத்தார்கள், பெட்ரோலும் கரண்டும் விலை ஏறியது, வாட் வரி வந்தது. ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடவில்லை, அதில் டிரைவருக்கு வேறு சம்பளம். இன்னொரு பக்கம் 2005லிருந்து அரசு செலவில் வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பிய பெண்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 2017ல் வேலையில் இருப்பவர், வேலை தேடுபவர் எல்லாம் சேர்த்தே சவுதிப் பெண்களில் ஐந்தில் ஒருவர் தேறவில்லை, 2022ல் மூன்றில் ஒருவருக்கு மேல். அந்த வருடம் மக்கா–மதீனா ரயிலுக்குப் பெண் ஓட்டுநர் வேண்டும் என்று 30 இடத்துக்கு விளம்பரம் வந்தது, 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். எங்கள் கிளார்க்கின் தங்கை மகளும் அதில் ஒருத்தி. கிடைக்கவில்லை.

மூதூரான்:

சிஸ்டர் எழுதியது எல்லாம் சரி. ஆனால் அந்த மாற்றம் யாருக்கு வந்தது என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். நான் இலங்கையில் மூதூர். றிஸானா நபீக் எங்கட ஊர்ப் பிள்ளை. 2005இல் வீட்டு வேலைக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழின்படி வயது 17. பாஸ்போர்ட்டில் 23 என்று போட்டு அனுப்பினார்கள். போய் சில கிழமைகளில் அவள் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றாள், கொலை என்று தீர்ப்பு வந்தது. ஆரம்ப விசாரணையில் அவளுக்கு ஒழுங்கான மொழிபெயர்ப்பாளரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தவாத்மியில் தலையை வெட்டினார்கள். நீங்கள் சொல்லும் உள்ளாடைக் கடை திறந்து ஒரு வருடம் கழித்து.

மார்த்தாண்டம்_சிஸ்டர்:

தம்பி, அந்தச் செய்தி வந்த அன்று நான் புரைதாவில்தான் இருந்தேன். ஹாஸ்டலில் இலங்கைப் பிள்ளைகள் இரண்டு பேர் சாப்பிடவில்லை. நான் எழுதாமல் விட்டது தப்புதான்.

வீட்டு வேலைப் பெண்கள் அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்துக்குள்ளேயே வர மாட்டார்கள், அவர்களுக்குத் தனி விதி. 2021ல் தொழிலாளர்கள் முதலாளியை மாற்றிக்கொள்ளலாம், முதலாளி அனுமதி இல்லாமல் ஊருக்குப் போகலாம் என்று தளர்த்தியபோதும் இவர்களைச் சேர்க்கவில்லை. எமர்ஜென்சியில் பார்த்திருக்கிறேன், மேடம் தானே கார் ஓட்டி, வேலைக்காரப் பெண்ணைக் கூட்டிவருவார். கையில் தீக்காயம். எப்படி ஆனது என்று கேட்டால் மேடம்தான் பதில் சொல்வார். நான் திரையை இழுத்துவிட்டுத் தமிழில் கேட்பேன். சில பேர் சொல்வார்கள், சில பேர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தென்காசிப் பிள்ளைக்கு அரசு வேலை, ஒப்பந்தம் கையில் இருக்கும். அவளுடைய நிலைமை வேறு, இவர்களுடையது வேறு.

சும்மாசொல்றேன்:

எல்லாம் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் காட்டும் ஷோ. கார் ஓட்டும் உரிமை கேட்ட பெண்களை ஜெயிலில் போட்டுவிட்டு, அதே உரிமையைத் தானே கொடுத்ததாகப் போஸ்டர் அடிக்கிறார். சிஸ்டருக்கு அது கண்ணில் படவில்லை போல.

மார்த்தாண்டம்_சிஸ்டர்:

பட்டது. 1990 நவம்பரில் ரியாத்தில் 47 பெண்கள் சேர்ந்து கார் ஓட்டினார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள், அரசு வேலையில் இருந்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் ஆயிஷா அல்-மானிஃ. 2018 மே மாதம், தடை நீங்க ஐந்து வாரம் இருக்கும்போது பெண்ணுரிமை பேசியவர்களைப் பிடித்தார்களே, அப்போது அவரையும் பிடித்தார்கள், கிட்டத்தட்ட எழுபது வயதில். சில நாளில் விட்டார்கள். கார் ஓட்டும் உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல்-ஹத்லூலை விடவில்லை. 1001 நாள் கழித்து 2021 பிப்ரவரியில் வெளியே வந்தார், அதற்குப் பிறகும் வெளிநாடு போகத் தடை.

அந்த மே மாதம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் படத்தைக் காட்டினார்கள், மேலே ஏதோ முத்திரை குத்தினமாதிரி எழுத்து. துரோகிகள் என்று போட்டிருக்கிறது என்றார் ஒரு பிலிப்பினோ சிஸ்டர். நம் கிளார்க் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வந்து உட்கார்ந்து ஃபைலை அடுக்கினார். எங்கள் யாரிடமும் அந்தப் பேர்களை ஒருநாளும் சொன்னதில்லை. பாஸ்போர்ட் கொண்டுவந்த அன்றைக்குக்கூட. ஆனால் முதல் தடவை அவர் காரில் என்னை ஏற்றிக்கொண்டு ரியாத் கடைத்தெருவான பத்ஹாவுக்குப் போனபோது, சிக்னலில் நின்றுகொண்டு அரபியில் மெதுவாக ஏதோ சொன்னார். யாருக்கோ துஆ. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஷோ என்று சொல்லித் தள்ள எனக்கு முடியவில்லை, தம்பி. பாஸ்போர்ட் நிஜம். ஜெயிலும் நிஜம். 2022ல் குடும்பச் சட்டத்தை முதல் முறையாக எழுத்தில் கொண்டுவந்தார்கள், அதிலும் பெண்ணின் கல்யாணத்தை வலீதான் முடித்துவைக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 45 வயதில் நம் கிளார்க் மறுபடி கல்யாணம் செய்ய நினைத்தால், துபாய்க்குத் தனியாகப் போகலாம், நிக்காஹுக்கு மகனைத்தான் தேட வேண்டும்.

தென்காசிப்பொண்ணு:

அக்கா, அண்ணன் எல்லோருக்கும் நன்றி. அப்பா முழுவதும் படித்தார். அந்தக் கையெழுத்துக் கதையை இரண்டு தடவை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. சித்தி "அந்தக் கத்திக்காரன் எங்க ஊர்லயும் இருந்தான்" என்று சிரிக்கிறார். கடைசியாக இரண்டு கேள்வி. பாஸ்போர்ட்டை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்களா? நான் இங்கே ஸ்கூட்டிதான் ஓட்டுகிறேன், அங்கே கார் லைசென்ஸ் எடுக்க முடியுமா?

மார்த்தாண்டம்_சிஸ்டர்:

பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்க வேண்டும், அதுதான் சட்டம். இகாமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை) அடிக்க வாங்குவார்கள், முடிந்ததும் அன்றே கேட்டு வாங்கிவிடு. நகல் இரண்டு அப்பாவிடம் இருக்கட்டும்.

அபாயா இங்கே வாங்காதே, அங்கே விலையும் குறைவு, துணியும் அந்த வெயிலுக்கு ஏற்றது. நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பெண்களுக்குக் கட்டாயம் இல்லை என்பார்கள், ரியாத்தில் அது சரி. புரைதாவில் உன்னோடு வேலை செய்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய். என் பழைய தோழி ஒருத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், அந்த ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் முகம் மூடித்தான் வருகிறார்கள் என்கிறாள். மூடிக்கொண்டே கார் ஓட்டுகிறார்களாம்.

லைசென்ஸ் தாராளமாக எடுக்கலாம். நான் 39 வயதில் ரியாத்தில் எடுத்தேன். முதலில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். கை பழகியிருந்தால் வகுப்பு குறைவு, சுத்தமாகத் தெரியாது என்றால் 30 மணி நேரம் போட்டுவிடுவார்கள், பணமும் ஏறிவிடும். ஆண்களுக்குச் சில நூறு ரியால், நமக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினார்கள், அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் கிளம்புவதற்கு முன் தென்காசியிலேயே கார் பழகிவிடு. ஒன்று மட்டும் நினைவில் வை, அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நான் ஊருக்குத் திரும்பிய முதல் வாரம் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் வலப்பக்கமாகவே ஏறிவிட்டேன். எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "எந்த நாட்டுல சேச்சி வண்டி படிச்சது?" என்று கேட்டார். சொன்னேன். நம்பவே இல்லை.